போர்மட் அடிப்பது வைத்தியமா?

2024 ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு காலை, ராத்தாவின் மகள் சாய்ந்தமருதிலிருந்து கோல் எடுத்தாள். "மாமா, லெப்டொப்ப ஓன் பண்ணினா கறுப்புத் திரையில இங்கிலீசுல ரெண்டு வரி வருது. மறுகா தானாவே ஓஃப் ஆகுது." விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டுவும் போட்டு, ஒரு வருடமாக இரண்டையும் பாவித்து வந்தவள் அவள். நான் கொழும்பில் இருந்தேன். வெள்ளிக்கிழமை வருகிறேன், அதுவரை யாரிடமும் கொடுக்காதே என்றேன். ஆய்வறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியிருந்ததால் மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குக் கொண்டுபோனார். பின்னேரமே லெப்டொப் திரும்பி வந்தது. நன்றாக ஓடியது. அதில் விண்டோஸ் மட்டும் இருந்தது. மருதமுனைக் கைத்தறி நெசவாளர்கள் பதினான்கு பேரிடம் அவள் எடுத்திருந்த ஒலிப்பதிவுகள் இருக்கவில்லை.

அந்தக் கடையின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையோர ஊர்களில் வேறெங்கு கொடுத்திருந்தாலும் பெரும்பாலும் இதுவே நடந்திருக்கும். இன்னொரு ஓ.எஸ். போட்ட பிறகு மெசின் எழும்புதில்லை என்று சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "போர்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாறன்." பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்த பிள்ளைகளும் கடைக்குப் போனால் இந்த வார்த்தையைத்தான் கேட்டு வருகிறார்கள். ஓர் ஊர் முழுக்க ஒரே வைத்தியம் நடக்கிறதென்றால், ஒரு கடையைக் குறை சொல்லி முடிக்கக் கூடாது. அந்த வைத்தியத்தையே எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அதற்காகப் பேசக்கூடியதை முழுதாகப் பேசிவிடுவோம். விண்டோஸ் எக்ஸ்பீ காலத்தில் இந்தப் பழக்கம் வேரூன்றியபோது அதற்கு நியாயம் இருந்தது. பென் டிரைவ் மூலம் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு வைரஸ் தொற்றிய காலம் அது. எது கெட்டது என்று தேடி எடுக்க ஒரு நாள் வேண்டும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போட ஒரு மணித்தியாலம் போதும். வாடிக்கையாளரும் "ஓன் ஆகுதில்ல" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினால் கூடுதலாகக் காசு தருவாரா என்றால் அதுவுமில்லை. கடையில் நிற்கும் தம்பிமார் பெரும்பாலும் பார்த்துப் பழகித் தொழில் கற்றவர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கும் அதுவே தெரிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, போர்மட் தோற்பதில்லை. ஹாட் டிஸ்க் பழுதில்லை என்றால் மெசின் எழும்பியே தீரும்.

இன்னொரு காப்பும் அந்தக் காலத்தில் இருந்தது. ஹாட் டிஸ்கை சீ, டீ என்று இரண்டாகப் பிரித்து, "படம், பாட்டு, டொக்குமென்ட் எல்லாம் டீ டிரைவ்ல வைங்க" என்று கடைக்காரரே சொல்லி அனுப்புவார். சீயைத் துடைத்தாலும் டீ தப்பும். தவறிப்போய் டீயும் துடைபட்டால்கூட, சுழலும் தட்டில் எழுதிய தரவு மேலே புதிது எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். ஆகவே அன்றைய போர்மட் முரட்டு வைத்தியம் என்றாலும் ஆளைக் கொல்லும் வைத்தியமல்ல.

இப்போது மறுபக்கத் தட்டைப் பார்ப்போம். இன்னொரு ஓ.எஸ். போட்ட பிறகு கணினி எழும்பாமல் போனால் உண்மையில் உள்ளே எது கெட்டிருக்கிறது? பழைய முறைக் கணினியில் ஹாட் டிஸ்கின் முதல் 512 பைட்டுகள்தான் தொடக்கப் பகுதி. அதில் 446 பைட்டுக்குள் தொடக்க நிரல் இருக்கும், 64 பைட்டில் பிரிவுகளின் அட்டவணை, கடைசி 2 பைட்டில் ஓர் அடையாளம். விண்டோஸுக்குப் பிறகு லினக்ஸ் போட்டால் அந்த 446 பைட்டில் கிரப் என்ற தொடக்க நிரல் வந்து அமர்ந்துகொண்டு, எதற்குள் போகிறீர்கள் என்று கேட்கும். லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸ் போட்டால், விண்டோஸ் கேட்காமலேயே கிரப்பை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும். எந்த வரிசையில் போட்டாலும் சண்டை நடப்பது இந்தச் சின்னஞ்சிறு இடத்தில்தான். உங்கள் கோப்புகள் இருக்கும் இடத்தை அது தொடுவதே இல்லை.

எங்கள் பக்கத்தில் வளவுக்குள் நுழையும் இடத்தைக் கடப்படி என்போம். கடப்புக்கு யாரோ புதுப் பூட்டுப் போட்டுவிட்டதால் உள்ளே போக முடியவில்லை என்று கூப்பிட்டால், வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று எந்த மேசனும் சொல்வதில்லை. போர்மட் அடிப்பவர் சொல்வது அதைத்தான்.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்த கணினிகளில் அந்தக் கடப்படியும் மாறிவிட்டது. பயோஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ வந்தது. 512 பைட்டுச் சண்டை இப்போது இல்லை. டிஸ்கில் ஒரு சிறு பிரிவு, விண்டோஸ் தானாகப் போட்டால் வழக்கமாக 100 மெகாபைட், தொடக்க நிரல்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. அதற்குள் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை. ஒருவர் மற்றவரை அழிக்கத் தேவையில்லை. யார் முதலில் என்ற வரிசை மட்டும் தாய்ப்பலகையின் நினைவில் எழுதப்பட்டிருக்கும். இன்றைய "எழும்பாத" லெப்டொப்புகள் பலவற்றில் மாறியிருப்பது இந்த வரிசை மட்டுமே. ஓன் செய்தவுடன் எஃப்12 அல்லது எஃப்9 விசையைத் தட்டினால் (எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்) இரண்டு பெயரும் பட்டியலில் தெரியும். வேண்டியதைத் தெரிவுசெய்து உள்ளே போகலாம். இதற்கு அரை நிமிடம் போதும்.

மருமகளின் லெப்டொப்பிலும் சிக்கல் கடப்படியில் மட்டும்தான். ஆனால் அதற்கு உலகளாவிய ஒரு காரணம் இருந்தது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். யூஇஎஃப்ஐயுடன் செக்யூர் பூட் என்ற காவலும் வந்தது. கையொப்பமிட்ட தொடக்க நிரலை மட்டும் அது உள்ளே விடும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, விண்டோஸ் முத்திரையோடு விற்கும் புதுக் கணினிகளுக்கு இது கட்டாயமாயிற்று. அவற்றில் பொதுவாக இருக்கும் சாவி மைக்ரோசொஃப்ட்டுடையது. லினக்ஸ் வெளியே நிற்க வேண்டிய நிலையில், மத்தியூ கரெட் என்ற நிரலாளர் ஷிம் என்ற சிறு நிரலை எழுதி மைக்ரோசொஃப்ட்டின் கையொப்பம் பெற்றார். அன்றிலிருந்து உபுண்டு போன்றவை ஷிம் வழியாகத்தான் கடப்பைக் கடக்கின்றன. அதாவது லினக்ஸ் உள்ளே வருவதா இல்லையா என்பதற்கான சாவி அதன் போட்டியாளரின் கையில் இருக்கிறது.

2022இல் கிரப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பழைய, ஓட்டையுள்ள தொடக்க நிரல்களை மறுக்கும்படி 2024 ஆகஸ்ட் 13ஆம் திகதிய விண்டோஸ் இற்றைப்படுத்தலில் மைக்ரோசொஃப்ட் ஒரு விதியைச் சேர்த்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் இந்த விதி பிரயோகிக்கப்படாது என்று அந்நிறுவனமே சொல்லியிருந்தது. ஆனால் பிரயோகிக்கப்பட்டது. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் பாவித்த பலரது கணினிகள் உலகமெங்கும் ஒரே வாரத்தில், "ஏதோ பெரும் பிழை நேர்ந்துவிட்டது" என்ற பொருளில் ஆங்கில வரிகளைக் காட்டிவிட்டுத் தாமாக அணைந்தன. இரட்டை ஓ.எஸ். இருப்பதைக் கண்டறியும் முறை சில வகை நிறுவல்களைப் பிடிக்கவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. முழுத் தீர்வு 2025 மே மாத இற்றைப்படுத்தலோடுதான் வந்தது. இடையில் ஒன்பது மாதங்கள்.

மருமகள் வாசித்துக் காட்டிய வரிகள் இவைதான். அவளது விண்டோஸுக்கு எந்தக் கேடும் இல்லை. உபுண்டுவுக்கும் இல்லை. எஃப்12 தட்டியிருந்தால் விண்டோஸ் அப்படியே எழும்பியிருக்கும், ஒலிப்பதிவுகள் அப்படியே இருந்திருக்கும். உபுண்டுவையும் மீட்க வேண்டுமென்றால் செக்யூர் பூட்டைச் சற்று நிறுத்தி, உபுண்டுவுக்குள் போய் அந்த விதியை அழிக்கும் ஒற்றை வரிக் கட்டளையைக் கொடுத்து, மறுபடி தொடங்கி, உபுண்டுவை இற்றைப்படுத்தி, செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்க வேண்டும். ஆறுதலாகச் செய்தாலும் கால் மணித்தியாலத்துக்கு மேல் போகாது. கடையில் போர்மட்டுக்கு எடுத்த நேரம் அதைவிட அதிகம். நேரம் மிச்சம் என்ற வாதம் இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் போய் அமர்ந்தேன். இரவு முழுவதும் மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். கிடைத்தவை புதிய விண்டோஸோடு வந்த இயற்கைக் காட்சிப் படங்கள் மட்டுமே. அந்த லெப்டொப்பில் இருந்தது எஸ்எஸ்டி. சுழலும் தட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் கடைகள் இன்னும் மனதில் வாங்கவில்லை. எஸ்எஸ்டியைப் போர்மட் செய்தவுடன், இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று ஓ.எஸ். டிஸ்குக்கு அறிவித்துவிடும். டிஸ்க் தன் போக்கில் அவற்றை வெறுமையாக்கிவிடும். பிறகு தேடி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. இதற்கு மேல், இன்றைய லெப்டொப்புகள் பல ஒற்றை சீ டிரைவோடு வருகின்றன. டீ என்ற காப்பு அறையே இல்லை. எக்ஸ்பீ காலத்துப் போர்மட்டுக்கு முட்டுக்கொடுத்து நின்ற இரண்டு தூண்களும் சரிந்துவிட்டன. பழக்கம் மட்டும் மாறாமல் நிற்கிறது. என் வாதத்தின் கனம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. முன்பு பொறுக்கக்கூடியதாக இருந்த அதே செயல், கருவி மாறியதால் இன்று பொறுக்க முடியாததாகிவிட்டது.

மற்ற வைத்தியங்களையும் அதே தராசில் வைக்க வேண்டும். விண்டோஸ் தரும் தானியங்கித் திருத்தம் விண்டோஸை மட்டுமே அறியும். பழைய முறைக் கணினியில் அதன் கட்டளையால் முதல் 512 பைட்டைத் திருத்தினால் விண்டோஸ் எழும்பும், கிரப் போய்விடும். லினக்ஸ் வேண்டாம் என்பவருக்கு அது நல்ல வைத்தியம். யூஇஎஃப்ஐ கணினியில் அதே கட்டளையை அடிப்பது வீண், அங்கே அந்த 446 பைட்டை யாரும் வாசிப்பதில்லை. அங்கு செய்ய வேண்டியது தொடக்கக் கோப்புகளைச் சிறு பிரிவுக்குள் மறுபடி எழுதுவது. அதற்கு வேறு கட்டளை உண்டு, அது ஒழுங்காக வேலை செய்கிறது. லினக்ஸ் பக்கத்தில் பூட் ரிப்பேர் என்ற மென்பொருளைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் திருத்திவிடும், பெரும்பாலும் சரியாகவே திருத்தும். ஆனால் பல மாற்றங்களை ஒரே மூச்சில் செய்வதால், பிழைத்தால் எது பிழைத்தது என்று தெரியாது. நான் மதிப்பது அதன் பொத்தானையல்ல, அது முதலில் எழுதித் தரும் அறிக்கையை. டிஸ்கில் என்ன இருக்கிறது, எது எங்கே தொடங்குகிறது என்பதை அதில் வரி வரியாகப் பார்க்கலாம். அதை வாசித்த பிறகு கையால் திருத்துவதே சிறந்தது.

என்னிடம் வந்தவற்றில் அதிகம் கண்ட பிழை இன்னொன்று. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும். லினக்ஸ் போடும் பென் டிரைவைப் பழைய பயோஸ் முறையில் தொடங்கிவிடுவார்கள். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுவதுபோல் ஒன்றையொன்று காணாது. இதற்கும் போர்மட் தேவையில்லை. பென் டிரைவைச் சரியான முறையில் தொடங்கி, கிரப்பை மட்டும் மறுபடி நிறுவினால் போதும்.

குற்றம் யார் மேல் என்பதையும் பங்கிட வேண்டும். 2024 ஆகஸ்ட் சம்பவத்தில் பெரும் பங்கு மைக்ரோசொஃப்ட்டுக்கு. சாவியை வைத்திருப்பவர் சொன்ன சொல்லைக் காக்கவில்லை. ஆனால் லினக்ஸ் பக்கமும் தப்ப முடியாது. ஓட்டை தெரிந்து இரண்டு வருடமாகியும் பழைய ஷிம் பலருடைய கணினிகளிலும் நிறுவல் பென் டிரைவ்களிலும் இருந்தது. 2021இல் வந்த கிரப் 2.06இலிருந்து, பக்கத்தில் உள்ள மற்ற ஓ.எஸ்ஸைத் தேடும் பகுதி இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டது. பாதுகாப்புக் காரணம் சொன்னார்கள், காரணமும் உண்மையே. ஆனால் புதிதாக லினக்ஸ் போட்ட ஒரு மாணவி மெனுவில் விண்டோஸைக் காணாமல் பதறுவாள், அழிந்துவிட்டதென்று நினைத்துக் கடைக்கு ஓடுவாள் என்று எண்ணிப் பார்க்காதது பெருங்குறை. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் விண்டோஸ் மெனுவுக்குத் திரும்பும். அந்த ஒரு வரியை அவளுக்கு யார் சொல்வது?

பிள்ளைகள் லினக்ஸ் போடாமலே இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று மச்சான் கேட்டார். ஊரில் பலர் கேட்கும் கேள்வி அது. கணினி படிக்கும் பிள்ளைக்கு அது பாடத்தோடு வருகிறது என்பது முதல் பதில். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11ஐ ஏற்காத நல்ல கணினிகள் எங்கள் வீடுகளில் நிறைய உண்டு, அவற்றுக்கு லினக்ஸ் ஆயுள் தருகிறது என்பது அடுத்தது. மூன்றாவது பதில் இந்தக் கரைக்கே உரியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அந்த நாட்களில் காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்ய, இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் சில வாரங்களில் எழுதிய கட்டற்ற மென்பொருள் சஹன. அடுத்த ஆண்டே பாகிஸ்தானின் நிலநடுக்கத்தில் அது பயன்பட்டது. லினக்ஸ் வளர்ந்த அதே கட்டற்ற மரபில் பிறந்தது அது. எங்களுக்குச் சம்பந்தமில்லாத அந்நிய விளையாட்டு என்று இந்தக் கரையில் நின்று அந்த மரபைச் சொல்ல முடியாது.

ஆனாலும் மச்சானின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஏற்கிறேன். ஒரே டிஸ்கில் இரண்டு ஓ.எஸ். வைப்பது எல்லோருக்கும் உகந்ததல்ல. மேசைக் கணினி என்றால் இரண்டாவது டிஸ்க் ஒன்றைப் பூட்டி, லினக்ஸையும் அதன் தொடக்கப் பிரிவையும் அதிலேயே வைப்பது மேல். லெப்டொப்பில் 8 ஜிகாபைட் நினைவகம் இருந்து, பாடத்துக்கு மட்டுமே தேவை என்றால், விண்டோஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினியாக ஓட்டலாம். 4 ஜிகாபைட் மட்டுமே உள்ள பழைய லெப்டொப்புக்கு இரட்டை ஓ.எஸ்ஸை விட்டால் வழியில்லை. அங்கே நிறுவும் முன் கோப்புகளை வெளியே பிரதி எடுத்தே ஆக வேண்டும். மருமகள் அதைச் செய்யவில்லை. அவளுக்கு நிறுவிக் கொடுத்த நான் அதை வற்புறுத்தவில்லை. இந்த இழப்பில் என் பங்கும் உண்டு.

போர்மட் சரியான வைத்தியமாகும் நிலைகளும் உண்டு. உள்ளே காக்க எதுவுமில்லை என்று சொந்தக்காரரே சொன்னால், அல்லது கோப்புகள் அனைத்தும் வெளியே எடுக்கப்பட்டு அவர் கண்ணால் பார்த்து உறுதி செய்தால், தாராளமாக அடிக்கலாம். இவை இரண்டும் இல்லாமல், இன்னொரு ஓ.எஸ். போட்டதால் எழும்பாத கணினிக்கு முதல் வைத்தியமாகப் போர்மட் அடிப்பது பிழை. நேரத்தால் நியாயமில்லை, காசால் நியாயமில்லை, எஸ்எஸ்டி வந்த பிறகு பழைய வழக்கம் என்ற நியாயமும் இல்லை. கடை நடத்தும் தம்பிமாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். எஃப்12 தட்டிப் பாருங்கள். எழும்பாவிட்டால் லினக்ஸ் பென் டிரைவில் தொடங்கி, பிள்ளையின் கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள். அந்த வேலைக்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். வாங்குவது நியாயம், கொடுப்பதும் நியாயம்.

வாசகருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஷிம்முக்குக் கையொப்பமிடப் பயன்பட்ட மைக்ரோசொஃப்ட்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூனில் முடிகிறது. புதிய சான்றிதழ்கள் வரும்போது கடப்படிப் பூட்டுகள் மறுபடி மாற்றப்படும். விண்டோஸ் 11 உள்ள பல லெப்டொப்புகளில் டிஸ்க் உங்களைக் கேட்காமலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கணினியில் செக்யூர் பூட்டில் கை வைத்தால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் கடைக்காரராலும் கோப்பை எடுக்க முடியாது, என்னாலும் முடியாது. கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே அந்த எண்ணைத் தேடி ஒரு தாளில் எழுதுங்கள். லெப்டொப் பைக்குள் வைக்காதீர்கள். காணி உறுதி இருக்கும் அலுமாரிக்குள், உறுதியோடு சேர்த்து வையுங்கள்.